மருந்தாளுநர்களுக்குத் தேசிய அளவில் ஒரு சங்கம் எதற்கு?

தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்று சுவரைப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டு மூன்று தாள்கள் தொங்கும். ஒன்று கடைக்கான லைசென்ஸ், படிவம் 20, படிவம் 21 என்று போட்டிருக்கும். இன்னொன்று மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ். பக்கத்தில் மருந்து வணிகர் சங்கத்தின் காலண்டரோ ஸ்டிக்கரோ இருக்கும். டி.பார்ம் என்ற பார்மசி டிப்ளமா முடித்து முதல் வேலைக்கு வருகிற பிள்ளைகள் பலர் இவை எல்லாம் ஒரே ஆபீசிலிருந்து வந்தவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வந்தவை. நான்காவதாக இன்னொரு அமைப்பும் உண்டு. அதன் பெயர் பெரும்பாலும் சுவரில் இருக்காது. அதுதான் மருந்தாளுநர்களின் தொழில்முறைச் சங்கம். அது என்ன செய்கிறது என்று புரிய, மற்ற மூன்றும் என்ன செய்கின்றன என்று முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

லைசென்ஸ் கொடுப்பது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. 1940-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் 1945-ம் ஆண்டு விதிகளும் அதன் கையில் இருக்கின்றன. இந்த லைசென்ஸ் இடத்துக்கானது. சில்லறைக் கடை என்றால் குறைந்தது 10 சதுர மீட்டர் பரப்பு வேண்டும், குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டும், சீட்டுக்கு மருந்து கொடுக்கும்போது பதிவுபெற்ற மருந்தாளுநர் அங்கே இருக்க வேண்டும். டிரக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதும் பில் புத்தகத்தைப் புரட்டுவதும் மாத்திரை மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதும் இந்தத் துறையின் வேலை.

பதிவுச் சான்றிதழ் ஆளுக்கானது. 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின்படி தேசிய அளவில் இந்திய பார்மசி கவுன்சிலும் இங்கே தமிழ்நாடு பார்மசி கவுன்சிலும் இருக்கின்றன. எந்தக் கல்லூரி என்ன பாடம் நடத்த வேண்டும் என்று தேசியக் கவுன்சில் சொல்கிறது. படித்து முடித்தவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவது மாநிலக் கவுன்சில். அதே சட்டத்தின் 42-வது பிரிவு, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை என்கிறது. தவறு செய்தவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு.

வணிகர் சங்கம் கடை முதலாளிகளுடையது. தேசிய அளவில் ஏ.ஐ.ஓ.சி.டி. என்ற கூட்டமைப்பு இருக்கிறது. கமிஷன் எத்தனை சதவீதம், காலாவதியான சரக்கைக் கம்பெனி திரும்ப எடுக்குமா, ஆன்லைன் மருந்து விற்பனையை என்ன செய்வது, இவைதான் அங்கே பேச்சு. 2018 செப்டம்பர் 28 அன்று ஆன்லைன் விற்பனையை எதிர்த்து நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தியது இந்த அமைப்புதான். அரசு மருத்துவமனை மருந்தாளுநர்களுக்குக் காலிப் பணியிடம், பதவி உயர்வு பற்றிப் பேசும் ஊழியர் சங்கங்கள் தனியாக இருக்கின்றன. இவை எல்லாமே தேவையானவைதான்.

ஆனால் இவற்றில் எதுவும் கேட்காத கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு மருந்தாளுநர் தன் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்ய முடியும், அதற்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேலே ஒரு தரத்தை வைத்து, அதை எட்டப் பழக்கிக் கொடுப்பது தொழில்முறைச் சங்கத்தின் வேலை. முதலாளி, சம்பளத்துக்கு இருப்பவர், ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், மாத்திரைக் கம்பெனியில் தரம் பார்ப்பவர், கல்லூரியில் பாடம் எடுப்பவர் என யாரும் அதில் உறுப்பினர் ஆகலாம். அவர்களைச் சேர்ப்பது கடையோ சம்பளமோ இல்லை, படிப்பு.

<b>சட்டத்துக்கு முன்பே வந்த சங்கம்</b>

இந்தியாவில் இந்த வேலைக்கு முதன்மையானது ஐ.பி.ஏ. எனப்படும் இந்தியன் பார்மசூட்டிகல் அசோசியேஷன். 1930-ல் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் அமைந்த குழு, சந்தையில் தரமற்ற மருந்து குவிந்திருப்பதையும் மருந்து கொடுப்பவருக்கு முறையான படிப்போ சட்டமோ இல்லாததையும் அடுத்த ஆண்டே அறிக்கையாக எழுதியது. 1932-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராஃப் பார்மசி படிப்பைத் தொடங்கினார். 1935-ல் ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதி) அளவில் இருந்த சங்கம் 1939-ல் அகில இந்திய சங்கமானது. மருந்துச் சட்டம் 1940-ல், பார்மசி சட்டம் 1948-ல். வரிசையைக் கவனியுங்கள். ‘எங்கள் தொழிலுக்குப் படிப்பு வேண்டும், பதிவேடு வேண்டும்’ என்று தொழில் செய்கிறவர்களே முதலில் கூடிக் கேட்டார்கள். சட்டம் அதன் பின்னால்தான் வந்தது.

ஐ.பி.ஏ.யின் தலைமை அலுவலகம் மும்பையில். மாநிலக் கிளைகள் வழியாக இயங்குகிறது, தமிழ்நாட்டுக்கும் கிளை உண்டு. சமூக மருந்தகம் (தெருவில் உள்ள மருந்துக்கடை), மருத்துவமனை, தொழிற்சாலை, கல்வி, ஒழுங்குமுறை என்று உட்பிரிவுகள் இருக்கின்றன. ஆய்விதழ் வெளியிடுகிறது. நவம்பர் மூன்றாவது வாரத்தில் தேசிய பார்மசி வாரம் நடத்துகிறது. 1912-ல் ஹேக் நகரில் தொடங்கிய உலக மருந்தாளுநர் கூட்டமைப்பான எஃப்.ஐ.பி.யிலும் உறுப்பினர். செப்டம்பர் 25-ஐ உலக மருந்தாளுநர் தினமாகக் கொண்டாடுவது அந்தக் கூட்டமைப்பு தொடங்கிய நாள் என்பதால். ஐ.பி.ஏ. மட்டும்தான் என்றும் இல்லை. பட்டதாரிகளுக்கு, மருத்துவமனை மருந்தாளுநர்களுக்கு, ஆசிரியர்களுக்கு என்று தனித்தனி தேசிய சங்கங்களும் உண்டு. இவை சேர்ந்து இந்திய பார்மசூட்டிகல் காங்கிரஸ் என்ற மாநாட்டை நடத்துகின்றன.

கவுன்சிலும் சங்கமும் ஏன் ஒன்றாக இருக்கக்கூடாது என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டன் நல்ல உதாரணம். 1841-ல் தொடங்கிய அங்குள்ள மருந்தாளுநர் சங்கம் நெடுங்காலம் இரண்டு வேலையையும் சேர்த்தே பார்த்தது. பதிவு, விசாரணை, தண்டனையும் அதன் கையில், தொழிலுக்காகப் பரிந்து பேசுவதும் அதன் கையில். 2010-ல் இரண்டையும் பிரித்தார்கள். கண்காணிப்பு புதிய கவுன்சிலுக்குப் போனது, தொழில் வளர்ச்சி சங்கத்திடம் நின்றது. தப்பு நடந்ததென்று வெளிப்படையாகச் சொல்லிக் கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அதே இடம் தண்டனையும் கொடுக்கும் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

<b>கவுண்டருக்கு இந்தப் பக்கம்</b>

‘தரம்’ என்று சும்மா சொன்னால் விளங்காது. குழந்தைக் காய்ச்சல் மருந்தையே எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமால் கடையில் மூன்று வடிவில் இருக்கும். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மி.கி. சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மி.கி. வீரியம் கூடிய சிரப்பில் 5 மில்லிக்கு 250 மி.கி. பத்து கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் ஒரு வேளைக்கு 150 மி.கி. வேண்டும். அது சொட்டு மருந்தில் 1.5 மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி.

டாக்டர் 125 சிரப்பை மனதில் வைத்து ‘6 மில்லி’ என்று மட்டும் எழுதிவிடுகிறார். கடையில் அது தீர்ந்துபோய் 250 சிரப் கைக்கு வருகிறது. அளவை மாற்றிச் சொல்லவில்லை என்றால் குழந்தைக்கு 300 மி.கி. போகும், இரண்டு மடங்கு. சொட்டு மருந்து பாட்டில் போய்ச் சேர்ந்தால் அதே 6 மில்லியில் 600 மி.கி., நான்கு மடங்கு. இப்படி இரண்டு நாள் தொடர்ந்தால் ஈரலைப் பாதிக்கலாம். இது ஏன் நடக்கிறது? ஒரே கம்பெனியின் மூன்று அட்டைப்பெட்டியும் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். மாலை ஏழு மணிக்குக் கிளினிக் விட்டதும் கவுண்டரில் பத்துப் பேர் நிற்பார்கள். வீட்டுக்குப் போனதும் அளவு மூடி தொலைந்து, சமையலறை ஸ்பூன் வந்துவிடும். ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வோர் அளவு.

சட்டம் இங்கே மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்கிறது. 2015-ம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகள் நோயாளிக்கு விளக்கிச் சொல்லவும் சொல்கின்றன. எப்படிச் சொல்வது என்பதைப் படிப்படியாகப் பழக்குவது ‘நல்ல பார்மசி நடைமுறை’ என்ற வழிகாட்டி. எஃப்.ஐ.பி.யும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து உலக அளவில் வகுத்ததை ஒட்டி ஐ.பி.ஏ. இந்தியாவுக்கான வழிகாட்டியையும் பயிற்சிக் கையேட்டையும் கொண்டுவந்தது. நடைமுறையில் அது இப்படி இருக்கும். சீட்டை வாங்கியதும் பெயர், வயது, தேதி, டாக்டரின் பதிவு எண், மருந்தின் வீரியம், எத்தனை நாள் என்று பார்ப்பது. குழந்தை என்றால், “பிள்ளை எத்தனை கிலோம்மா?” என்று கேட்பது. எடுத்த பாட்டிலை மறுபடி சீட்டோடு வைத்து வீரியத்தை ஒப்பிடுவது. சீட்டில் உள்ளது இல்லாமல் வேறு வீரியம்தான் இருக்கிறது என்றால் டாக்டருக்கு ஒரு போன் போட்டு அளவை உறுதிசெய்வது. லேபிளில் தமிழில் ‘3 மில்லி, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, காய்ச்சல் இருந்தால் மட்டும்’ என்று எழுதுவது. கடைசியாக அந்த அம்மாவையே அளவு மூடியில் எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்று காட்டச் சொல்வது. எங்கள் பார்வையில் இந்தக் கடைசிப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ‘புரிஞ்சுதா?’ என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். காட்டச் சொன்னால்தான் புரியவில்லை என்பது தெரியும்.

பெரியவர்களில் இதே அளவுக்கு ஆபத்தானது மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒருமுறை போட வேண்டிய மாத்திரை. ‘தினமும்’ என்று தப்பாகப் புரிந்துகொண்டு போட்டு உயிர் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. எந்தக் கிழமை என்று அட்டை மேலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

<b>இருமல் எத்தனை நாளா இருக்கு?</b>

வடசென்னைக்கு நேரடியாகத் தொடர்புள்ள வேலை காசநோய். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் காற்றோட்டமில்லாத சிறு வீட்டில் ஐந்தாறு பேர் படுத்துத் தூங்குகிறார்கள். ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குப் பரவ அதுவே போதும். இருமல் வந்தவர் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு இல்லை, தெருமுனை மெடிக்கலுக்கு. அதனால்தான் 2012-ல் மத்திய காசநோய்ப் பிரிவு, ஐ.பி.ஏ., வணிகர் கூட்டமைப்பு, பார்மசி கவுன்சில் எல்லாம் சேர்ந்து மருந்துக்கடைகளைக் காசநோய்த் திட்டத்தில் இணைக்க ஒப்பந்தம் போட்டன. கடையில் நிற்பவருக்குப் பயிற்சி கொடுப்பதைச் சங்கம் எடுத்துக்கொண்டது.

பயிற்சியில் சொல்லித் தருவது இதுதான். “இருமல் எத்தனை நாளா இருக்குண்ணா?” என்று கேளுங்கள். “மூணு வாரமா இருக்குப்பா” என்று பதில் வந்தால் இருமல் சிரப்பை நீட்டி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் அது இலவசம். சீட்டு இல்லாமல் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கவே கூடாது. அது காசநோய்க் கிருமியையும் அரைகுறையாக அடக்கும். இருமல் கொஞ்சம் குறையும், பரிசோதனையில் நோய் சிக்காது, கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி வளரும். 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 அட்டவணையில் (சீட்டுக்கு மட்டுமே, கூடுதல் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) அந்த மருந்தும் காசநோய் மருந்துகளும் இருக்கக் காரணம் இதுதான். எச்1 மருந்து விற்றால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கியவர் பாதியில் நிறுத்துவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று மிகச் சாதாரணமானது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைப் போட்டால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும். ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். முதல் நாளே சொல்லிவிட்டால் அந்தப் பயம் வராது. ஒரு நிமிடப் பேச்சு ஆறு மாத சிகிச்சையைக் காப்பாற்றும்.

<b>தகவல் ஓட வேண்டிய வழி</b>

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, தமிழ்நாட்டில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது தெரியவந்தது. அப்படி ஓர் எச்சரிக்கை வந்தால் கடையில் செய்ய வேண்டியது: பெயரையும் பேட்ச் எண்ணையும் அலமாரியில் தேடுவது, இருந்தால் எடுத்து ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதித் தனிப்பெட்டியில் பூட்டுவது, எந்த பில்லில் எத்தனை வந்தது என்று பார்த்து மொத்த வியாபாரிக்கு எழுத்தில் தெரிவிப்பது, விற்றவற்றை பில் வைத்துத் தேடி வாங்கியவருக்குச் சொல்வது. பில் போடாமல் விற்ற கடையால் கடைசி வேலையைச் செய்யவே முடியாது. உத்தரவு போடுவது அரசுத் துறை. அது திருவொற்றியூர் சந்துக்குள் இருக்கும் சின்னக் கடைவரை அன்றைக்கே போய்ச் சேரவும், வதந்தியையும் உண்மையையும் பிரித்துச் சொல்லவும் தொழிலுக்குள்ளேயே நம்பிக்கையான வலைப்பின்னல் வேண்டும். நன்றாக நடக்கும் கிளை இதைச் செய்யும்.

எதிர்த்திசையிலும் தகவல் போக வேண்டும். மாத்திரை போட்ட பிறகு உடம்பெல்லாம் கொப்புளம், வாயில் புண் என்று ஒருவர் வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் புகார்ப் படிவம் அனுப்பலாம். யாருக்கு, என்ன மருந்தால், என்ன பாதிப்பு, சொல்பவர் யார் என்ற நான்கும் இருந்தால் போதும். பேட்ச் எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது. 1800-180-3024 என்ற இலவச எண்ணும் உண்டு. இதை நிரப்பக் கற்றுக்கொடுப்பதும் ‘எழுதினால் நமக்குப் பிரச்சினை வருமா’ என்ற தயக்கத்தைப் போக்குவதும் சங்கத்தின் பயிற்சிகளில் இருக்க வேண்டியவை.

<b>சங்கத்தால் முடியாதது, செய்தே ஆக வேண்டியது</b>

சங்கம் லைசென்ஸ் கொடுக்காது, ரத்தும் செய்யாது. சம்பளப் பாக்கியை வாங்கித் தரும் அதிகாரம் அதற்கு இல்லை. உறுப்பினர் அட்டை பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகாது. அதைக் காட்டி மருந்து கொடுக்க முடியாது. இதைச் சொல்லாமல் அட்டை விற்பவர்கள் இருந்தால் விலகிப் போய்விடுங்கள்.

இந்தத் தொழிலை உள்ளிருந்து அரிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது, சான்றிதழ் வாடகை. மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழை ஒரு கடையில் மாட்டிவிட்டு ஆள் வேறெங்கோ இருப்பது. கடைக்காரருக்குச் சம்பளம் மிச்சம், மருந்தாளுநருக்கு உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்று இருவருமே சமாதானம் சொல்வார்கள். ஆனால் அங்கே அளவு மாறி மருந்து போனால் விசாரணையில் முதலில் வருவது சுவரில் இருக்கும் பெயர். கடையின் லைசென்ஸ் போகலாம், கவுன்சில் பதிவிலிருந்து பெயரும் போகலாம். இதையெல்லாம்விடப் பெரிய நஷ்டம், மருந்தாளுநர் இல்லாமலே கடை ஓடும் என்று மக்களே நம்பத் தொடங்குவது. சம்பளம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த விஷயத்தில் வாய் மூடியிருக்கும் சங்கம் மற்ற எதைச் செய்தாலும் பாதி வேலைதான் செய்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. தண்டிக்க முடியாவிட்டாலும் செய்யக்கூடியது நிறைய. வாடகைக்கு விடுபவரை உறுப்பினராக வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். முழுநேர ஆள் தேடும் கடையையும் வேலை தேடும் பிள்ளையையும் சேர்த்து வைக்கலாம். கண்ணியமான சம்பளம் என்ன என்று வெளிப்படையாகப் பேசலாம்.

சேருவதற்கு முன் கிளையில் சில கேள்விகள் கேட்பது நல்லது. கடைசியாகத் தேர்தல் எப்போது நடந்தது? வரவு செலவுக் கணக்கை உறுப்பினருக்குக் காட்டுகிறார்களா? கடையில் வேலை பார்ப்பவர் வரக்கூடிய நேரத்தில் பயிற்சி நடக்கிறதா? பகல் பதினோரு மணிக்குக் கல்லூரி அரங்கத்தில் நடக்கும் கூட்டத்துக்கு எம்.சி. ரோட்டு மெடிக்கலில் நிற்பவர் எப்படி வருவார்? பயிற்சிக்கு மருந்துக் கம்பெனி பணம் கொடுத்தால் அதைச் சொல்கிறார்களா? பார்மசி வாரத்தில் சால்வை போர்த்திப் பேரணி போனதைத் தவிர ஏதாவது நடந்ததா? இவற்றுக்கு நேரான பதில் வந்தால் சேருங்கள். மாணவராக இருக்கும்போதே சேரவும் வழி உண்டு. கவுன்சில் விதிப்படி பதிவைப் புதுப்பிக்க 5 ஆண்டில் குறைந்தது 2 புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்திருக்க வேண்டும். தொழில்முறைச் சங்கங்கள் நடத்தும் பயிற்சியும் அதில் சேரும். சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

சேர்ந்த பிறகு முதல் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் கடையில் பெயரோ பெட்டியோ ஒன்றுபோல இருந்து கைமாறக்கூடிய மருந்துகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மற்ற கடைக்காரர்களும் எழுதி வரச் செய்து சேர்த்தால், அந்தப் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கைப் பட்டியல் தயாராகும். அதைப் பிரதி எடுத்து ஒவ்வொரு கடையிலும் மருந்து எடுக்கும் அலமாரிக்கு உள்பக்கம், கண் மட்டத்தில் ஒட்டிவிடலாம்.